தோட்டப்புறத் திடலுக்குப் பல்கலைக்கழகங்களின் இலவசப் புல் ஆலோசனை: எதை எடுக்கலாம், எதை விடலாம்

ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலையோ தோட்டத்துப் பந்துத் திடலையோ பராமரிக்கும் பொறுப்பு கைக்கு வந்ததும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் யாராவது ஒருவர் கைப்பேசியில் தேடத் தொடங்குவார். முதலில் வந்து நிற்பவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் புல் பக்கங்கள்: ஃபுளோரிடா பல்கலைக்கழகம், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டர்ஃப்ஃபைல்ஸ், புல் ரகங்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் என்டெப். எல்லாமே இலவசம். நம் செர்டாங் புத்ரா பல்கலைக்கழக ஆய்வுகளும் உண்டு, ஆனால் அவை ஆய்விதழ்க் கட்டுரைகளாக இருப்பதால் தேடி எடுக்க வேண்டும்.

இங்கே மதிப்பிடுவது இந்தச் சேவையை, அதுவும் நம் ஊர்த் திடலுக்கு அது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும். கணக்குக்கு வைத்துக்கொண்ட திடல் 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். கரையோரக் களிமண், கவ் கிராஸ், குழாய்ப் பாசனம் கிடையாது, மாதம் ஒருமுறை கான்ட்ராக்டர் ஆள் அனுப்பி மெஷினால் வெட்டுவார். பேரா கரையோரத்தில் பெரும்பாலான திடல்கள் இப்படித்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இவர்களுடைய அளவு முறைகள் தங்கம். மண் எடுப்பது, நீர் இறங்குவதை அளப்பது, உரக் கணக்கு, களையை அடையாளம் காண்பது எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மாதவாரி அட்டவணையைத் தொடவே வேண்டாம். ரகப் பட்டியல் நம் திடலுக்கு ஏறக்குறைய உதவாது.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு என்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1862-இல் வந்த மோரில் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேளாண் கல்விக்கான பல்கலைக்கழகங்களுக்கு நிலம் ஒதுக்கியது. 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் அந்த ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியைக் கட்டமைத்தது. அதனால்தான் ஃபுளோரிடாவின் பக்கம் வீட்டுப் புல்தரை வைத்திருக்கும் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தன் மாநிலத்து மண்ணுக்கும் பருவத்துக்கும் எழுதப்பட்டது. முறை கடல் கடந்து வரும், நாள்காட்டி வராது.

மண் மாதிரியிலிருந்து தொடங்குவோம். இந்தப் பக்கங்கள் சொல்வது சரியான வழி: திடல் முழுக்க வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடங்களில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுக்க வேண்டும். மேலே உள்ள புல்லையும் சருகையும் நீக்கி, பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ அளவுக்கு அனுப்பினால் போதும். தகர வாளி கூடாது, துத்தநாகம் மண்ணில் ஒட்டிக் கணக்கைக் கெடுக்கும். கோல் கம்பத்து வாய்ப்பகுதி மண்ணைத் தனிப் பையில் போடுங்கள். மிதிபட்ட அந்த மண்ணை மற்றதோடு கலந்தால் இரண்டைப் பற்றியும் சரியான விடை கிடைக்காது. உரம் போட்டு இரண்டு மாதம் ஆகாமல் எடுப்பதும் வீண்.

அடுத்ததில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் நாட்டுச் சோதனைக்கூடங்களில் பாஸ்பரஸை அளக்கப் பெரும்பாலும் பிரே 2 என்ற கரைசலைப் பயன்படுத்துவார்கள். ஃபுளோரிடாவும் வட கரோலினாவும் மெஹ்லிக் 3 என்ற வேறு கரைசலைப் பயன்படுத்துகின்றன. இரண்டும் மண்ணிலிருந்து வெவ்வேறு அளவு பாஸ்பரஸைக் கறக்கும். இங்கே வந்த எண்ணை அங்கே உள்ள ‘குறைவு, நடுத்தரம், அதிகம்’ அட்டவணையில் வைத்துப் பார்த்தால் பதில் தப்பாகத்தான் வரும். சோதனைக்கூடத்தின் அறிக்கையிலேயே எந்த முறை என்று போட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஆண்டுதோறும் செம்பனையின் 17-ஆவது மட்டையிலிருந்து ஓலை மாதிரி எடுத்து அனுப்புகிறார்கள். அந்த வேலை தெரிந்த கிராணியிடம் அறிக்கையைக் காட்டினால் எண்களை நம் நாட்டுக் கணக்கில் படித்துச் சொல்வார்.

சுண்ணாம்பு விஷயத்திலும் இதே எச்சரிக்கை. பெர்முடா புல்லுக்கு எழுதிய பக்கத்தில் அமிலநிலை (pH, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 6 முதல் 6.5 வரை வேண்டும் என்றிருக்கும். கவ் கிராஸ் அமில மண்ணில் வளரப் பிறந்த புல், 4.5 முதல் 5.5 வரை அதற்கு வசதிதான். 5-ஐ ஒட்டி இருந்தால் சுண்ணாம்பு வாங்கப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அதற்கும் கீழே வெகுவாக இறங்கியிருந்தால் மட்டும் மக்னீசியம் சுண்ணாம்புத் தூள் போடலாம். ஹெக்டருக்கு 2 டன் என்று வைத்தால் நம் திடலுக்கு 1.2 டன், அதாவது 50 கிலோ மூட்டையில் 24. அளவுக்கு மீறிப் போட்டால் இரும்புச்சத்து கிடைக்காமல் புல் மஞ்சளடிக்கும். அதைப் பார்த்து இன்னும் உரம் போடுகிறவர்கள் உண்டு.

வடிகால்தான் நம் ஊரில் பெரிய விஷயம். ஒரு மில்லிமீட்டர் மழை இந்தத் திடலில் 6,000 லிட்டர் தண்ணீர். மாலையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 3 லட்சம் லிட்டர். மிதிபட்ட களிமண்ணில் மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். மீதி மேலாகவே ஓடி வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும்.

அளந்து பார்க்கும் முறையைப் பல்கலைக்கழகப் பக்கங்கள் அழகாகச் சொல்கின்றன. கருவியும் வாங்க வேண்டாம், பெரிய மைலோ டின் ஒன்றின் அடியை வெட்டி எடுத்தால் போதும். மரக்கட்டையை மேலே வைத்துத் தட்டி 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்குங்கள். முதல் முறை ஊற்றும் தண்ணீரை அப்படியே வற்ற விடுங்கள், உலர்ந்த மண் குடிப்பதை அளந்தால் கணக்கு ஏமாற்றும். மறுபடி நிரப்பி, உள்ளே ஒரு ஸ்கேலை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை டின்னில் தண்ணீர் பக்கவாட்டிலும் கசிவதால் உண்மையைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பெரிய வளையத்துக்குள் சிறிய வளையம் வைத்து, இரண்டிலும் நீர் நிரப்பி, உள்ளே இருப்பதை மட்டும் அளக்கிறார்கள். திடலின் நடு, ஓரம், கோல் வாய் என்று மூன்று இடத்தில் செய்தாலே படம் தெளிவாகிவிடும்.

விடை மோசமாக வந்ததும் ‘இரண்டு லாரி மணல் அடிப்போம்’ என்று கூட்டத்தில் குரல் எழும். தயவுசெய்து வேண்டாம். இரண்டு லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தால், 6,000 சதுர மீட்டரில் அது 1.7 மில்லிமீட்டர் படலம். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் மணல் துகளுக்கிடையே களி புகுந்து செங்கல் மாதிரி இறுகும். மண்ணின் தன்மை மாற வேண்டுமானால் மேல்மண்ணில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு மணலாக இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கே 480 கன மீட்டர். அந்தப் பணம் எந்தப் பள்ளியிடம் இருக்கிறது?

பல்கலைக்கழகங்கள் சாதாரண மண் திடலுக்குச் சொல்லும் மாற்று, நடுவை உயர்த்திப் பக்கங்களுக்குச் சரிவு கொடுப்பது. 1 முதல் 1.5 சதவீதம். நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்கு 30 மீட்டர் என்பதால் 1 சதவீதச் சரிவுக்கு நடு 30 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். முழுக்க வெளி மண்ணால் ஏற்றினால் 900 கன மீட்டர் ஆகும். ஓரங்களில் 15 சென்டிமீட்டர் வழித்து நடுவில் 15 சென்டிமீட்டர் ஏற்றினால் 225 கன மீட்டரை உள்ளேயே நகர்த்தினால் முடிந்தது. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, கடைசியில் திருப்பிப் பரப்ப வேண்டும். இதைச் செய்யாமல் அடிக்களியை மேலே கொண்டுவந்துவிட்டால் புல் பிடிக்காது. இந்த ஓர் அறிவுரைக்காகவே அந்தப் பக்கங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அதே பக்கங்கள் சொல்லும் ஆழமான வடிகாலைக் கரையோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் ஆபத்து. நம் மேற்குக் கரைக் களிமண்ணில் சில இடங்களில் அடியில் பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கிறது. நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. கால்வாயை ஆழமாக வெட்டி நிலத்தடி நீர்மட்டத்தை இறக்கினால் காற்று பட்டுக் கந்தக அமிலமாக மாறும். வெட்டிப் போட்ட மண்ணில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அதுதான் அடையாளம். அந்த மண்ணில் புல் வேர் விடாது. செம்பனை போட்ட தோட்டங்களில் இதற்காகவே தடுப்புப் பலகை வைத்து நீர்மட்டத்தைப் பிடித்து நிறுத்துவார்கள். தோண்டுவதற்கு முன் அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, ஈரம் போகாமல், காற்றும் படும்படி தளர்வாகக் கட்டிய பையில் இரண்டு மாதம் வையுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் அமிலநிலையை அளந்து பாருங்கள். 4-க்கும் கீழே விழுந்தால் அந்த ஆழத்துக்கு வெட்டக் கூடாது, ஆழமற்ற அகலமான ஓடைதான் வழி. நம் கரையோரத் திடலுக்கு வேண்டிய இந்த எச்சரிக்கையை வீட்டுப் புல்தரைப் பக்கத்தில் எதிர்பார்க்க முடியாது.

உரக் கணக்கு சுலபம். அமெரிக்கப் பக்கங்களில் 1,000 சதுர அடிக்கு 1 பவுண்டு நைட்ரஜன் என்று வரும். நம் அளவில் சதுர மீட்டருக்கு 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் 15 சதவீதம் என்று போட்ட 15:15:15 உரத்தில் அது 33 கிராம், முழுத் திடலுக்கு 200 கிலோ, நான்கு மூட்டை. ஒரே தடவையில் அதற்கு மேல் போகாதீர்கள். உடனே கரையும் உரமானால் பாதிதான், இரண்டு மூட்டை. நம் மழையில் மீதி கால்வாய்க்குப் போய்விடும். திடலை 10 மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டிப் பிரித்தால் 60 கட்டம் வரும். இரண்டு மூட்டைக்கு ஒரு கட்டத்துக்கு 1.67 கிலோ, அதையும் இரு பங்காக்கி ஒரு பங்கை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்கிலும் வீசினால் வரிவரியாகப் பச்சை தெரியாது. செம்பனைக்குக் கப் கணக்கில் உரம் போட்டுப் பழகிய அக்காமார்கள் இருக்கும் ஊர் நம்முடையது. அவர்களிடம் கட்டத்தையும் கப்பையும் கொடுத்தால் எந்த இயந்திரமும் வேண்டாம்.

எப்போது போடுவது என்பதில் அமெரிக்க அட்டவணையை மறந்துவிடுங்கள். பனி விழுமுன் நிறுத்து, வசந்தத்தில் தொடங்கு, அக்டோபரில் ரை புல் விதை தூவு என்பதெல்லாம் புல் குளிரில் உறங்கும் நாட்டுக்கு. இங்கே புல் ஆண்டு முழுக்க வளர்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அரை அளவு, பெருமழை வாரங்களைத் தவிர்த்து. மண்ணில் பாஸ்பரஸ் போதுமென்று அறிக்கை சொன்னால் அடுத்த தடவை யூரியா மட்டும் போதும். அரை அளவுக்கு 33 கிலோ. ஈரப்புல்லில் வெயிலில் வீசினால் நைட்ரஜன் ஆவியாகிப் போகும், இலையும் கருகும். புல் உலர்ந்திருக்கும்போது, சிறு தூறல் வரப்போகும் மாலையில் போடுங்கள்.

களைப் பகுதியில் டர்ஃப்ஃபைல்ஸ் முதலிடம். படங்கள் தெளிவு. இலை மொட்டு மடிந்திருக்கிறதா, சுருண்டிருக்கிறதா, இலை தண்டோடு சேருமிடத்தில் சவ்வு எப்படி இருக்கிறது என்று படிப்படியாகக் கேட்டு அடையாளம் சொல்லும். நம் திடல்களின் முதல் எதிரி சம்பாவ் புல். கேழ்வரகின் நெருங்கிய உறவு, கதிரும் அதே விரல் அமைப்பு. அடித்தண்டு தட்டையாக, வெள்ளி நிறத்தில், தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். மெஷின் கத்தி மேலே போய்விடும், அது கீழே சுகமாக இருக்கும். இறுகிய மண்ணில் மற்ற புல் செத்த இடத்தில்தான் வருகிறது என்பதால் அது இருக்குமிடம் மண் இறுகிய இடத்தின் வரைபடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பக்கம் இதற்கு முளைக்குமுன் தெளிக்கும் மருந்தைச் சொல்லி, மண் சூடாகும் வாரத்தைக் குறித்துக் கொடுக்கும். நம் மண் எப்போதும் சூடுதான், விதை எல்லா மாதமும் முளைக்கும். கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் போகும் என்று நம்புவோருக்கு ஒரு செய்தி: கிளைபோசேட்டுக்கு அடங்காத சம்பாவ் புல் மலேசியாவில் முதலில் 1997-இல் கண்டறியப்பட்டது நம் தெலுக் இந்தான் பக்கத்தில்தான். பாராகுவாட் களைக்கொல்லியும் 2020 ஜனவரி முதல் தடை. மீதி மருந்துகளில் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவான, லேபிளில் புல்தரை என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள்.

நிலையான வழி மண்ணைத் திறப்பது. கோல் வாய்ப்பகுதியில் மட்டும், 18 மீட்டருக்கு 6 மீட்டர், உள்ளீடற்ற முனையால் 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் குச்சிகளை உருவி எடுக்க வேண்டும். மெஷின் வாடகைக்குக் கிடைக்காவிட்டால் கார்டன் ஃபோர்க்கைக் குத்தி இலேசாக அசைத்து எடுங்கள். எடுத்த மண்ணை உருண்டை பிடித்து விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். வழவழவென்று இழுபட்டால் ஈரம் அதிகம், அன்று குத்தினால் துளையின் சுவர் பூசி மெழுகினதுபோல் அடைபடும். முடிந்ததும் கவ் கிராஸ் கொடிகளைப் பதித்து நான்கு வாரமாவது கம்பத்தை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். கம்பத்தை நகர்த்துவதற்குச் செலவே இல்லை, ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை.

என்டெப் பட்டியலுக்கு வருவோம். பல பல்கலைக்கழகங்களில் ஒரே ரகங்களை நட்டு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள், 6 என்பது ஏற்கத்தக்க நிலை. பட்டியலின் அடியில் எல்.எஸ்.டி. என்று ஓர் எண் இருக்கும். இரண்டு ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைந்தால் அது வித்தியாசமே அல்ல. நேர்மையான வேலை இது, விதை வியாபாரியின் விளம்பரத்தைவிட நூறு மடங்கு நம்பலாம். ஆனால் பெரும்பகுதி குளிர்நாட்டுப் புல். வெப்பப் புல்லில் பெர்முடா, ஸோய்சியா, பாஸ்பாலம் உண்டு, கவ் கிராஸ் கிடையாது. குளிர்கால நிறம், வசந்தப் பசுமை என்ற பத்திகளைத் தாண்டி, மிதி தாங்கும் திறன், அடர்த்தி இரண்டையும் மட்டும் பாருங்கள்.

புக்கிட் ஜாலில் அரங்கம் 2022-இல் கவ் கிராஸை எடுத்துவிட்டு ஸியோன் ஸோய்சியா போட்டதிலிருந்து ‘நம் திடலுக்கும் ஸியோன் போடலாமா’ என்ற கேள்வி எல்லா ஊரிலும் கேட்கிறது. ரியோ 2016 ஒலிம்பிக் கோல்ஃப் திடலில் போட்ட ரகம் அது, அருமையான புல். ஆனால் ஸோய்சியா தேய்ந்த இடத்தை மெதுவாகத்தான் மூடும், மட்டமாக வெட்ட உருளைக் கத்தி வைத்த நல்ல ரீல் மெஷின் வேண்டும், அடிக்கடியும் வெட்ட வேண்டும். காலையில் சபைகூடல், மதியம் உடற்கல்வி, மாலையில் பந்து என்று தினமும் மிதிபடும் பள்ளித் திடலில் கொடி விட்டுச் சீக்கிரம் மூடும் கவ் கிராஸ்தான் சரி. கடலோரக் கட்டு உடைந்து உப்புநீர் ஏறும் இடங்களில் மட்டும் வேறு யோசனை வேண்டும். அங்கே புத்ரா பல்கலைக்கழகத்தின் உப்பு தாங்கும் ஆய்வுகளைப் பாருங்கள். நம் வெயிலில், நம் நாட்டுப் புல்களை வைத்துச் செய்தவை, பாஸ்பாலம் வஜினாட்டம் அவற்றில் முன்னணியில் நிற்கிறது.

வெட்டும் உயரம் பற்றி எல்லாப் பக்கங்களும் ஒரே குரலில் சொல்வது சரி: ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே. 40 மில்லிமீட்டரில் வைக்க வேண்டுமானால் 60 வந்ததும் வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் அது ஏழு முதல் பத்து நாள். மாதம் ஒருமுறை மண் தெரிய வழிக்கும் ஒப்பந்தத்தை மாற்றாமல் மேலே சொன்ன எதைச் செய்தாலும் பாதிப் பலன்தான். ஒப்பந்தத்தில் எத்தனை தடவை என்பதோடு உயரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

புல்லைக் கூட்டமாகத் தின்னும் படைப்புழு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர்ச் சோதனை நன்றாக வேலை செய்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் 30 மில்லிலிட்டர், தண்ணீர் 4 லிட்டர், ஒரு சதுர மீட்டரில் ஊற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். புழு இருந்தால் மேலே வரும். காய்ந்த திட்டின் நடுவில் ஊற்றாமல், பச்சையும் பழுப்பும் சந்திக்கும் விளிம்பில் ஊற்றுங்கள். தின்று முடித்த இடத்தில் புழு இருக்காது. விடிகாலையிலோ மாலையிலோ செய்வது நல்லது.

படிப்பாகவும் இவர்கள் தருகிறார்கள். மாசசூசெட்ஸில் 1927-இலேயே திடல் காப்பாளர்களுக்குக் குளிர்காலப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். பென்ஸில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் இன்று இணையவழியிலேயே புல் அறிவியலில் பட்டம் தருகிறது. கோல்ஃப் திடலில் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய வாசல். பள்ளித் திடலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு அந்தக் கட்டணமும் ஆங்கிலமும் தேவையில்லை. மண் மாதிரி, நீர் இறங்கும் அளவு, உரக் கணக்கு, களை அடையாளம் ஆகிய நான்கு பக்கங்களைத் தமிழிலோ மலாயிலோ எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டிக் கொடுங்கள்.

எழுதும்போது அளவுகளை மெட்ரிக்கில் மாற்றிவிட்டே ஒட்டுங்கள். அமெரிக்க கேலன் 3.8 லிட்டர். தோட்டத்தில் பெரியவர்களுக்குப் பழக்கமான கேலன் 4.5 லிட்டர். கேலனுக்கு இத்தனை அவுன்ஸ் என்று அப்படியே எழுதினால் மருந்தின் அடர்த்தி மாறிப்போகும். தெளிப்பானுக்கு இன்னும் எளிய வழி: 10 மீட்டர் சதுரத்தில் வழக்கமான நடையில் வெறும் தண்ணீரை அடித்து, எத்தனை லிட்டர் குறைந்தது என்று அளந்து 100-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ஆள் ஒரு ஹெக்டருக்கு அடிக்கும் தண்ணீர். ஆளோ முனையோ மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.